தூக்குக் கயிறும் காளவாசல் சிக்னலும்

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து தேனி ரோடு வழியாகக் காலையில் மதுரைக்குள் வரும் டூவீலர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அச்சம்பத்து, விராட்டிபத்து வரைக்கும் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருக்கும், இல்லையென்றால் கண்ணாடியில் தொங்கும், இல்லையென்றால் பின்னால் இருப்பவர் மடியில் கிடக்கும். காளவாசல் நெருங்கும்போது வண்டியின் வேகம் குறையும். ஒரு கை ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டும். சிக்னலில் வெள்ளைச் சட்டைப் போலீஸ் நிற்கிறாரா என்று கண் தேடும். அவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஹெல்மெட் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் 100 ரூபாயாக இருந்தது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 2022 அக்டோபரில் இங்கே அது 1,000 ரூபாய் ஆனது. பத்து மடங்கு. கையில் ஹெல்மெட் வைத்திருப்பவர்கள் அதற்குப் பிறகு கூடியிருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அது தலைக்கு ஏறும் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. தண்டனையைப் பற்றிய பெரிய விவாதத்தில் பாதி அந்த ஒரு இடத்தில் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்த செய்தி வரும் நாளில் டீக்கடைப் பேச்சு எப்படிச் சுற்றினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "நாலு பேரை நடுரோட்டுல தூக்குல போட்டா எவனும் செய்ய மாட்டான்." அந்தக் கோபம் எனக்கும் வரும். நியாயமான கோபம் அது. ஆனால் 'எவனும் செய்ய மாட்டான்' என்ற பின்பாதி ஒரு கணக்கு. கணக்கு என்றால் சரியா தப்பா என்று போட்டுப் பார்க்கலாம். இருநூற்று அறுபது வருடங்களாகப் பலர் போட்டுப் பார்த்தும் இருக்கிறார்கள்.

இத்தாலியின் மிலான் நகரத்தைச் சேர்ந்த பெக்காரியா என்பவர் 1764-ல், தன் 26-ஆவது வயதில், இந்தக் கேள்வியை எடுத்தார். சித்திரவதையும் பொது இடத்தில் தூக்கும் சாதாரணமாக இருந்த காலம். தண்டனை எவ்வளவு கொடூரமாக இருக்கிறது என்பதைவிட, அது தப்பாமல் வந்து சேருமா என்பதுதான் மனிதனைத் தடுக்கிறது என்றார் அவர். சீக்கிரம் வரவேண்டும் என்றும் சொன்னார். செய்ததற்கும் அனுபவிப்பதற்கும் நடுவில் வருடங்கள் ஓடிவிட்டால் மனதில் இரண்டும் ஒட்டாது.

அவர் சொன்னது சரி என்பதை அன்றைய இங்கிலாந்து அதற்கு நேர்மாறாகச் செய்தே காட்டியது. அங்கே 1800-ஐ ஒட்டிய வருடங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு உண்டு. ஒரு வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்குத்தான். என்ன நடந்தது? குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல அமர்த்திய ஊர்க்காரர்களான ஜூரிகள் பலருக்கு ஒரு வெள்ளித் தட்டுக்காக ஆளைத் தூக்கில் போட மனம் வரவில்லை. திருடுபோன பொருள் எவ்வளவு விலை பெற்றதாக இருந்தாலும் '39 ஷில்லிங்' என்று மதிப்புப் போட்டு ஆளைக் காப்பாற்றினார்கள். தண்டனை ஏற ஏற அதை உண்மையில் கொடுக்கிற கை தயங்கியது. தூக்குப் போடுவதைப் பார்க்கக் கூடிய கூட்டத்திலேயே பிக்பாக்கெட் நடந்ததையும் அந்தக் காலத்து ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கண் முன்னால் கயிறு தொங்கினாலும், தன்னைப் பிடிக்கப்போவதில்லை என்று நம்புகிறவனுக்கு அது வேறு யாருக்கோ போட்ட கயிறு.

நம் ஊரில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வைகைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. சங்கிலி அறுப்பவர்களுக்கு அதைவிட வசதியான நாள் கிடையாது. அன்றைக்குக் காவல்துறை மைக்கில் சட்டப்பிரிவு வாசிப்பதில்லை. "சங்கிலியைச் சேலையோட சேர்த்து ஊக்கு குத்திக்கோங்கம்மா" என்றுதான் சொல்கிறார்கள். கூட்டத்துக்குள் மஃப்டியில் ஆட்களை விடுகிறார்கள், கேமரா வைக்கிறார்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன: திருட்டைக் கடினமாக்குவது, மாட்டிக்கொள்வோம் என்ற எண்ணத்தைப் பக்கத்தில் கொண்டுவருவது. சங்கிலி, செல்போன் என்று கையிலிருந்து பறிப்பதற்கு 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. ஆற்றுக்குள் நிற்கும் கூட்டத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்றை ஐந்தாக்கினால் மட்டும் எத்தனை பேருக்குத் தெரியப்போகிறது? தெரியாத தண்டனைக்கு யாரும் பயப்பட முடியாது.

அப்படியென்றால் தண்டனை பயமே வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஆகாது. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் 1969 அக்டோபர் 7 அன்று போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று பகலிலேயே வங்கிகள் கொள்ளை போயின, இரவில் கடைத்தெருவின் கண்ணாடிகள் நொறுங்கின, கடைசியில் ராணுவத்தை அழைக்கும் நிலை வந்தது. இதில் நான் மறுபடி மறுபடி யோசிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. கொள்ளைக்கு முந்தின நாள் என்ன தண்டனையோ அன்றும் அதே தண்டனை. பிடிக்கிற கை மட்டும் காணாமல் போயிருந்தது.

மரண தண்டனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் விவாதம் எல்லாம் அங்கேதான் போய் முடிகிறது. அமெரிக்காவில் முப்பது வருடத்துக்கும் மேலாக வந்த ஆய்வுகளைத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-ல் அலசியது. மரண தண்டனை கொலையைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது, சட்டம் போடுவதற்கு அவற்றை ஆதாரமாக எடுக்கக்கூடாது என்பது அதன் முடிவு. கனடா 1976-ல் கொலைக்கான மரண தண்டனையை நீக்கியது. அதற்கு முந்திய வருடம் லட்சம் பேருக்கு மூன்று கொலை என்ற அளவு இருந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து அது இரண்டுக்கும் கீழே இருந்தது. தூக்கை எடுத்ததால் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எடுத்தால் கொலை பெருகிவிடும் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை, அவ்வளவுதான். நம் சட்ட ஆணையமும் 2015-ல் தன் 262-ஆவது அறிக்கையில், ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை கூடுதலாகத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதி, பயங்கரவாதக் குற்றங்கள், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது தவிர மற்றவற்றுக்கு அதை நீக்கலாம் என்றது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு அப்பத்தாவின் ஞாபகம் வரும். மேலூர்ப் பக்கம் அவர் ஊர். ஒருமுறை வீட்டுப் பித்தளை அண்டா காணாமல் போனது. அப்பத்தா போலீஸுக்குப் போகவில்லை. தெருவில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "நாளைக்கு விடியறதுக்குள்ள அண்டா வந்து சேரணும். வரலைன்னா பதினெட்டாம்படியான்கிட்ட முறையிட்டுருவேன். அப்புறம் என்னைய யாரும் சொல்லக்கூடாது." விடிந்தபோது அண்டா மாட்டுத் தொழுவத்தில் இருந்தது.

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குப் பூசை நடப்பது சாத்திய கதவுக்கு. அந்தக் கதவுக்கு முன்னால் சத்தியம் செய்து தீர்ந்த வழக்குகள் இந்தச் சீமையில் எத்தனையோ. வெளியே யாரிடமும் துணிந்து பொய் சொல்கிறவர்களும் அங்கே வாய் திறக்கத் தயங்குவார்கள். கருப்பன் என்ன தண்டனை கொடுப்பான் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், தள்ளிப்போட மாட்டான், யார் சிபாரிசும் அவனிடம் செல்லாது என்ற நம்பிக்கை இருக்கிறது. தண்டனையின் அளவே தெரியாமல், அது வந்து சேரும் நிச்சயத்தை மட்டும் வைத்து இத்தனை பேரைக் கட்டிப்போட்டிருக்கிறான். அண்டாவை எடுத்தவர் அதை இரவில் வைத்துவிட்டுப் போக வழி இருந்ததும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊர் யார் என்று கேட்கவில்லை.

சரி, கணக்குப் போடுகிறவனைத்தான் தண்டனை பயம் தடுக்கும். கணக்கே போடாதவனை? குடிபோதையில், வரப்புத் தகராறில், சந்தேகத்தில் ஒரு நொடியில் வெட்டுகிறவன் முன்னால் சட்டம் நிற்பதில்லை. இன்னொரு வகை உண்டு, மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பழிக்குப் பழி கொலை. பட்டப்பகலில் வெட்டிவிட்டு, ரெண்டு நாள் கழித்து வேறொரு ஊர்க் கோர்ட்டில் போய் அவர்களே சரண்டர் ஆகிறார்கள். சிறைக்குப் போவோம் என்று தெரிந்தே, அதையும் செலவில் ஒரு வரியாக எழுதிவிட்டு இறங்குகிறவர்களிடம் 'சிறை' என்ற மிரட்டல் எப்படிச் செல்லும்? அதிலும் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். குற்றம் செய்யும் வேகம் அந்த வயதில் உச்சத்துக்குப் போய், முப்பதைத் தாண்டும்போது தானாகவே தணியும் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அந்த வயதுப் பையனுக்குப் பத்து வருடம் கழித்து வரும் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிவது அண்ணன் என்று அவன் கூப்பிடுகிற ஒருவர் மட்டும்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்கு வருவோம், டீக்கடைக் கோபம் அங்கிருந்துதானே தொடங்கியது. போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. 2019-ல் அதைத் திருத்தி, மிகக் கடுமையான வன்கொடுமைக்கு மரண தண்டனை வரை கொண்டுவந்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்த வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் வாத்தியார். புகார் கொடுத்தால் தன் தம்பி தூக்கு வரை போகலாம் என்று ஒரு அம்மாவிடம் குடும்பமே சொல்லும்போது, அந்த அம்மா ஸ்டேஷன் படியேறுவது சுலபமா, கஷ்டமா? 39 ஷில்லிங் மதிப்புப் போட்ட ஜூரியின் தயக்கம் இங்கே வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. புகாரே வராத குற்றத்துக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

இன்னொரு பாதையும் நமக்குப் பழக்கம். கோர்ட்டுக்குப் போகாமலே பயம் காட்டுவது. 1982-ன் 14-ஆம் எண் சட்டம், எல்லோரும் 'குண்டாஸ்' என்று சொல்வது, விசாரணை இல்லாமல் ஒருவரை 12 மாதம் வரை உள்ளே வைக்க ஆட்சியருக்கும் மாநகரக் காவல் ஆணையருக்கும் வழி செய்கிறது. போடும் உத்தரவுகளில் நிறைய, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் மனு) போட்டதும் நடைமுறைக் குறையால் உடைந்துவிடுகின்றன. உள்ளே போன ஆள் குற்றவாளி என்றும் நிரூபணமாகாமல், நிரபராதி என்றும் ஆகாமல் வெளியே வருகிறார். நாடு முழுக்கச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தப் பாதையின் கடைசி எல்லை எது என்பதை நம் மாவட்டம் போல அனுபவித்த இடங்கள் குறைவு. 1871-ல் வடஇந்தியாவுக்கென்று வெள்ளைக்காரர்கள் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில வருடங்களில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்கள் மீது படிப்படியாக விழுந்தது. ஒருவன் திருடினானா என்ற கேள்வியே கிடையாது. அந்தச் சாதியில் பிறந்த வயது வந்த ஆண் என்றால் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவலர் பார்வையில் கிடக்க வேண்டும், ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவனும் ராத்திரி வீட்டில் படுக்க முடியாது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே நின்றது. போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள்.

தண்டனை பயம் என்ற கருவி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தவர்கள் அந்தச் சட்டத்தை எழுதியிருக்க முடியாது. 'செய்தால் அடி' என்பதில் இருக்கும் உயிரே அந்த 'செய்தால்'தான். செய்தாலும் அடி, செய்யாவிட்டாலும் அடி என்று ஆக்கிவிட்டால், செய்யாமல் இருப்பதால் ஒருவனுக்கு என்ன மிச்சம்? அந்தச் சட்டத்துக்கு முன்னால் இதே ஊர்களில் காவல்முறை இருந்தது. ஊரார் காவல்காரருக்குக் கூலி கொடுப்பார்கள். மாடு காணாமல் போனால் கண்டுபிடித்துத் தருவது, முடியாவிட்டால் நஷ்டத்தைக் கொடுப்பது அவர் பொறுப்பு. கூலி கொடுக்காதவர் மாடு காணாமல் போன கதைகளும் உண்டு, அதை மறைத்துப் பேசக்கூடாது. ஆனாலும் போன பொருளுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார். அதை ஒடுக்கிவிட்டு வைத்தது இந்தப் பதிவேட்டை.

ஊரை மாற்றியது எது என்று கேட்டால், எனக்குத் தண்ணீரும் பள்ளிக்கூடமும்தான் தெரிகின்றன. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறந்து மேலூர்ப் பக்கம் வாய்க்கால் ஓடியது, அங்கே விவசாயம் நிலைத்தது. உசிலம்பட்டி மேட்டு நிலத்துக்கு அந்தத் தண்ணீர் ஏறவில்லை, சட்டம்தான் ஏறியது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. அதில் படித்து வாத்தியாரான, போலீஸான குடும்பங்கள் எத்தனையோ. சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947-ல்.

அந்த மனநிலை ஒழிந்ததா? 2025 ஜூனில், மதுரைக்குப் பக்கத்தில் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில், காரில் வைத்த நகை காணவில்லை என்ற புகாரில் கோயில் காவலாளி ஒருவரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். அவர் உயிரோடு வரவில்லை. பிரேதப் பரிசோதனையில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. சிலம்பு காணவில்லை என்ற புகாரில் விசாரிக்காமல் ஒருவனை வெட்டிய ஊர் இது, இரண்டாயிரம் வருடமாக அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அப்படியும் "போலீஸ் நல்லா கவனிச்சாத்தான் உண்மை வரும்" என்று சாதாரணமாகப் பேசுகிறோம். தப்பான ஆள்மேல் விழும் அடியால் எந்தத் திருடனும் பயப்படப் போவதில்லை. பிடித்து முடித்துவிட்டார்கள், இனி நம்மைத் தேட மாட்டார்கள் என்ற நிம்மதிதான் அவனுக்குக் கிடைக்கும்.

இதற்கு நேர் எதிராக, நிதானமாக உட்கார்ந்து லாபம் பார்த்துச் செய்யும் குற்றங்கள் இருக்கின்றன. மேலூர், கீழவளவுப் பக்கம் கிரானைட்டுக்காக அனுமதிக்கு மீறி மலைகளை அறுத்ததை 2012-ல் அப்போதைய ஆட்சியர் சகாயம் அறிக்கையாக எழுதினார், அரசுக்கு இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றார். 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்க ஆணையராகவும் அமர்த்தியது. தண்டனை பயம் நன்றாக வேலை செய்யக்கூடிய இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு அடியும் கணக்கு. ஆனால் பத்து வருடத்துக்கும் மேலாக வழக்குகள் இழுத்தன. அறுத்த மலை திரும்ப வளரப்போவதில்லை.

முடியாத காரியம் என்று நான் நினைக்கவில்லை. 2015-ல் சாதி ஆணவத்தில் கொல்லப்பட்டு, நாமக்கல் மாவட்டத்தில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்த இளைஞர் கோகுல்ராஜின் வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டு இங்கேதான் நடந்தது. முக்கியமான சாட்சியே பிறழ்ந்தார். அவரைக் கூட்டிப்போனபோது திருச்செங்கோடு கோயில் கேமராவில் பதிந்த காட்சி பிறழவில்லை. 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஏழு வருடம் என்பது நீளம்தான், ஆனாலும் வந்து சேர்ந்தது. இதற்குப் புதுத் தண்டனை எதுவும் தேவைப்படவில்லை. தடயத்தை ஒழுங்காக எடுத்து வைத்த கையும், விடாமல் வாதாடிய வழக்கறிஞர்களும், தாங்கி நின்ற ஒரு தாயும் தேவைப்பட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு இதே மாதிரி தாங்கி நிற்க வேண்டி வந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்து நாலு பவுன் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் முதலில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் தம்பி போய்ச் சண்டை போட்ட பிறகுதான் எஃப்.ஐ.ஆர். ஆனது. தெருமுனைக் கடைக் கேமராவை வைத்து ஒரு வாரத்தில் பையனைப் பிடித்தும் விட்டார்கள். அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு ஐந்து வருடம் சம்மன் வந்தது. அக்கா பூக்கடை வியாபாரத்தை விட்டுவிட்டுப் போவார், வராந்தாவில் நிற்பார், மதியத்துக்கு மேல் "வாய்தா" என்று சொல்லி அனுப்புவார்கள். எட்டாவது தடவை நானும் கூடப் போனேன். அன்றைக்குத்தான் கூண்டில் ஏற்றினார்கள். எதிரில் நிற்பவனை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டார்கள். அக்கா நெடுநேரம் பார்த்தார். "சரியா ஞாபகம் இல்லைங்கய்யா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "அவன்தான் தம்பி. நல்லாத் தெரியும். வெளிய அவன் பொண்டாட்டி கைப்பிள்ளையோட நின்னுச்சு பாத்தியா. அஞ்சு வருசத்துக்கு முன்னாடியே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."